காட்டில் வீடு: கட்டுவதா, கண்டெடுப்பதா?

தி லாங் டார்க் என்ற கணினி விளையாட்டை விளையாடுகிறவர்கள் வெகுகாலமாகக் கேட்டு வந்த வரம் ஒன்று உண்டு. இந்தப் பனிக்காட்டில் எனக்கென்று ஒரு குடிசை போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அது. அதை உருவாக்கிய ஹின்டர்லேண்ட் ஸ்டுடியோ அந்த வரத்தை அப்படியே கொடுக்கவில்லை. ஏற்கெனவே நிற்கும் வீடுகளுக்குள் மேசை நாற்காலியை நகர்த்தலாம், சிதறிக் கிடக்கும் குப்பையை ஒழிக்கலாம், சாமான்களை விருப்பப்படி அடுக்கலாம் என்ற அளவில் பிற்பாடு ஒரு வசதி வந்தது. சுவர் எழுப்பவோ கூரை வேயவோ வழி இல்லை. வால்ஹைம் என்ற விளையாட்டு இதற்கு நேர் எதிர். சுத்தியலைக் கையில் எடுத்த நிமிடத்திலிருந்து தூண், உத்தரம், கூரை எல்லாம் நம் பாடு.

இரண்டையும் நிறைய விளையாடிவிட்டு நான் வால்ஹைம் பக்கம் வந்து சேர்ந்தேன். வேறு ஊரில் இருக்கும் தம்பியோடு ராத்திரியில் சேர்ந்து விளையாட ஒன்று வேண்டும் என்பதுதான் முதல் காரணம். ஆனால் அங்கேயே தங்கிவிட்டதற்குக் காரணம் வீடு. காட்டில் பிழைத்துக் கிடக்கும் விளையாட்டில் வீடு கட்டும் வசதியைச் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: கட்டிய பிறகு அதைப் பராமரிக்க என்ன செலவு? எத்தனை அறை, எத்தனை வகைச் சன்னல் என்பதெல்லாம் அப்புறம்.

தெரிந்த விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தி லாங் டார்க் கனடாவில் உருவானது. 2014 செப்டம்பரில் எர்லி ஆக்சஸாக (முழுமையாவதற்கு முன்பே விற்பனைக்கு வரும் பதிப்பாக) வந்து 2017 ஆகஸ்டில் முழுமையாக வெளியானது. தனியாகத்தான் விளையாட முடியும். வால்ஹைம் ஸ்வீடனின் அயர்ன் கேட் ஸ்டுடியோ செய்தது. 2021 பிப்ரவரி 2-ல் எர்லி ஆக்சஸுக்கு வந்தது. ஒரே உலகில் பத்துப் பேர் வரை சேரலாம். இரண்டுமே பார்க்க அழகு, இரண்டிலும் குளிர் உண்டு. வால்ஹைமில் பசியால் சாக மாட்டோம், லாங் டார்க்கில் சாவோம். பிழைத்திருக்கும் போராட்டம் எதில் கடுமை என்பதில் சந்தேகமே வேண்டாம், லாங் டார்க்தான்.

லாங் டார்க்கின் வீடுகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மிஸ்டரி லேக் என்ற பகுதியில் உறைந்த ஏரிக்கரையோரம் ஒரு கேம்ப் ஆபீஸ் இருக்கிறது. எதிரே ஏரியின் பனிக்கட்டி மேல் மீன்பிடிக் குடிசைகள். புயலில் கண் தெரியாமல் தட்டுத்தடுமாறி அந்தக் கதவைத் திறக்கும்போது வரும் நிம்மதி, வேறு எந்த விளையாட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த வீட்டை நம் வீடாக்குவது தோலும் குடலும்தான். வேட்டையாடிய குடலைத் தரையில் போட்டுக் காய வைக்க 5 நாள், ஓநாய்த்தோல் 7 நாள், கரடித்தோல் 12 நாள். காயும்வரை அந்த இடத்தை விட்டு வெகுதூரம் போக மனசு வராது. நாள்தோறும் திரும்பி வந்து எத்தனை சதவீதம் காய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கும் பழக்கமே அந்த வீட்டோடு நமக்கு ஓர் ஒட்டுதலை உண்டாக்கிவிடுகிறது.

ஆனால் விளையாட்டின் மற்ற எல்லா விதிகளும் நம்மை வெளியே தள்ளவே எழுதப்பட்டவை. பல நாள் பெரும்பகுதி நேரத்தை உள்ளேயே கழித்தால் கேபின் ஃபீவர் என்ற அடைந்துகிடக்கும் நோய் பிடிக்கும். பிடித்தால் வீட்டுக்குள் தூங்கக்கூட முடியாது, வெளியே போய்ப் படுக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் பொறுக்கத் தக்கது தீர்ந்ததும் அடுத்த பகுதிக்கு நடையைக் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சர்வைவல் முறையில் செத்தால் பொதுவாக அதுவரை ஆடிய ஆட்டத்தின் பதிவே அழிந்துவிடும். ஆசை ஆசையாக நகர்த்தி வைத்த மேசையும் அலமாரியும் அதோடு போச்சு. வீட்டை ஒழுங்குபடுத்தும் வசதி வந்த புதிதில் நானும் சமையலறையை அழகாக்கிப் பார்த்தேன். உற்சாகம் நிலைக்கவில்லை. அந்த வீட்டுக்கு நான் தேவையே இல்லை. கூரையில் பனி குவிந்தாலும் ஒழுகாது, கதவு இற்றுப்போகாது. நான் போனாலும் வந்தாலும் அது அப்படியே நிற்கும். அந்த விளையாட்டில் நம் கையால் எழுப்பித் தேயத் தேயப் பழுதுபார்க்க வேண்டியது ஒரே ஒரு தங்குமிடம்தான்: 15 குச்சியும் 5 துணியும் போட்டுக் கட்டும் பனிக் குடில். ஒரு ராத்திரி உயிர் தப்ப அது போதும். குடியிருக்க முடியாது.

வால்ஹைமில் பராமரிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் சொல்ல வந்ததே அதுதான்.

மழை பட்டால் மரம் தேயும். கூரைக்கு அடியில் இருக்கும் தூணும் பலகையும் அப்படியே இருக்கும். கூரைக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பவை நனைந்து நனைந்து பலம் குறைந்து, பாதியில் வந்து நின்றுவிடும். அதற்கு மேல் மழை தின்னாது. வேலை மேசை எட்டும் தூரத்துக்குள் நின்று சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் பழையபடி ஆகிவிடும், ஒரு கட்டை விறகுகூடச் செலவில்லை. கேட்பதற்கு இது ஒன்றுமில்லாத விதி மாதிரி இருக்கும். ஆனால் இந்த ஒரு விதிதான் வால்ஹைம் வீடுகளை வீடு மாதிரி ஆக்கியிருக்கிறது. சுவர் நனையாமல் இருக்க வேண்டும் என்றால் கூரையை ஒரு பலகை அளவு வெளியே இழுத்துவிட வேண்டும். இழுத்துவிட்டால் தாழ்வாரம் வந்துவிடுகிறது. தாழ்வாரத்தைத் தாங்கத் தூண் வேண்டும். தூண் வந்தால் அதன் நடுவே உட்கார ஒரு பலகை போடத் தோன்றும். யாரும் சொல்லித்தராமலே திண்ணை வைத்த வீடு ஒன்று எழும்பி நிற்கும். தம்பி முதலில் கட்டியது மொட்டைச் சதுரம். நாலைந்து மழைக்குப் பிறகு அதுவும் தாழ்வாரம் வைத்துக்கொண்டது.

அடுப்பும் இப்படித்தான். கல் 5, விறகு 2 இருந்தால் கணப்பு தயார். ஆனால் மூடிய அறைக்குள் மூட்டினால் புகை மண்டி உயிரைக் குடிக்கும். முகட்டைத் திறந்து விட்டால் மழை உள்ளே கொட்டும், நெருப்பும் நனையும். அதனால் முகட்டில் ஒரு இடைவெளி விட்டு, அதற்கு மேலே கொஞ்சம் உயரத்தில் தனியாக ஒரு குட்டிக் கூரை வேய வேண்டும். புகை பக்கவாட்டில் வெளியேறும், தண்ணீர் வராது. இதை நாமே யோசித்துச் செய்து, முதல் தடவை புகை மேலேறி வெளியே போவதை அண்ணாந்து பார்க்கும்போது வருகிற பெருமை இருக்கிறதே, எந்தப் பூதத்தை வீழ்த்தினாலும் எனக்கு அவ்வளவு வந்ததில்லை.

தாங்குதிறன் கணக்கும் உண்டு. சுத்தியலைக் காட்டினால் தரையைத் தொடும் தூண் நீலமாகத் தெரியும். மேலே போகப் போகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. சிவப்புக்கு மேலே எதை வைத்தாலும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். உயரமான கூடம் வேண்டுமென்றால் நடுவில் ஒரு தூணைத் தரையிலிருந்தே எழுப்ப வேண்டும், அல்லது சதுப்பு நிலத்து நிலவறைகளில் இரும்பு எடுத்து வந்து இரும்புப் பட்டை போட்ட உத்தரம் செய்ய வேண்டும். கல் வீட்டுக்கு மழை பயம் இல்லை. ஆனால் கல் அறுக்கும் மேசைக்கே 2 இரும்பு கேட்கும். ஆக, பராமரிப்புத் தொல்லை குறைந்த வீடு வேண்டுமென்றால் முதலில் காட்டுக்குள் போய் உயிரைப் பணயம் வைத்தாக வேண்டும். வீட்டையும் காட்டையும் பிரிக்கவே முடியாதபடி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

வீடு திருப்பித் தருவதும் கணிசம். கூரையும் நெருப்பும் இருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் ஓய்வெடுத்த தெம்பு கிடைக்கும். களைப்பிலிருந்து மீளும் வேகம் இரண்டு மடங்காகும். குறைந்தபட்சம் 8 நிமிடம் நிற்கும், நாற்காலி, மேசை, கம்பளம் என்று சேர்க்கச் சேர்க்க, சௌகரியம் ஏறும் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிமிடம் கூடும். எனவே வீட்டை அலங்கரிப்பது வெறும் ஆசைக்காகச் செய்யும் வேலையாக நின்றுவிடுவதில்லை, மறுநாள் மலையேற்றத்துக்கு அது பலம். செத்தாலும் அதே வீட்டுக் கட்டிலில்தான் எழுவோம். உலோகக் கனிமங்களைச் சாதாரண மாயவாசல் வழியே கொண்டுவர முடியாது என்ற வழக்கமான விதியால் தூரக் கரையில் இன்னொரு குடிசை போட வேண்டி வரும்; அதிலிருந்து படகில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். எங்கள் உலகத்தில் அப்படி முளைத்த சின்னச் சின்ன வீடுகள்தான் எங்களுக்கு வரைபடம்.

இதெல்லாம் சேர்ந்தும், வால்ஹைம் நம்மிடம் கறாராக வசூலிப்பதில்லை. பக்கத்தில் யாரும் இல்லாத வீட்டை மழை அரிப்பதில்லை. அரக்கர் படை வருவதும் நாம் அங்கே இருக்கும்போதுதான். ஒரு மாதம் வேலைப்பளுவில் எட்டிப் பார்க்காமல் போனாலும் விட்ட இடத்தில் வீடு நிற்கும். கட்டியது பிடிக்கவில்லை என்றால் பிரித்துப்போடலாம், போட்ட பொருள் முழுதும் கைக்கு வந்துவிடும். படையெடுப்பே வேண்டாம் என்பவர்களுக்கு 2023-ல் வந்த உலக அமைப்புகளில் அதை நிறுத்தவும் வழி இருக்கிறது.

இதன் அருமை, ரஸ்ட் மாதிரி பலர் மோதிக்கொள்ளும் இணைய விளையாட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். அங்கே வீட்டின் அதிகாரப் பெட்டிக்குள் மரமும் கல்லும் உலோகமும் போட்டு வைக்க வேண்டும், 24 மணி நேரக் கணக்கில் அது கரைந்துகொண்டே இருக்கும். சின்ன வீட்டுக்குக் கட்டிய செலவில் பத்தில் ஒரு பங்கு. வீடு பெரிதாகப் பெரிதாகக் கூடுதல் பகுதிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை ஏறும். பெட்டி காலியானால் சுவர் இற்றுப்போகத் தொடங்கும். பலர் மோதிக்கொள்ளும் சர்வரில், விட்டுப்போனவர்களின் கட்டடங்கள் நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்காமலிருக்க இப்படி ஒரு விதி தேவைதான். மாதத்தின் முதல் வியாழனன்று கட்டியதையெல்லாம் அழித்துப் புதிதாகத் தொடங்கும் விளையாட்டு அது. அதன் நியாயம் அதற்கு. வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஒரு மணி நேரம் உட்காருகிற எனக்கு மாதத் தவணை கட்டும் வீடு வேண்டாம்.

2023 பிப்ரவரியில் வந்த சன்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட் என்ற விளையாட்டைப் பற்றியும் இரண்டு வரி. மரத்தை வெட்டி, தோளில் சுமந்து, ஒவ்வொன்றாக அடுக்கிக் கட்டுவதில் அதற்கு நிகர் இல்லை. அடுக்கிய சுவரில் கோடாரியால் வெட்டினால் சன்னல் திறக்கும். அந்த ஒரு செயலின் சுகம் வால்ஹைமில் கிடையாது. கெல்வின் என்ற துணையாளிடம் சீட்டில் எழுதிக் காட்டினால் மரம் எடுத்து வந்து போடுவான். ஆனால் அங்கே சுவரைச் சோதிப்பது முக்கியமாக மனிதத் தின்னிகள். மழையும் புகையும் வீட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நான் அதைத் தனியாக, அதுவும் குளிர்காலம் ஒன்று முடியும் வரைதான் ஆடியிருக்கிறேன்; கூட்டமாக ஆடுகிறவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம். அதேபோல வால்ஹைமில் பத்துப் பேர் சேர்ந்து ஊரே எழுப்புவது எப்படி இருக்கும் என்பதிலும் என் அனுபவம் தம்பியோடு நின்றுவிடுகிறது.

தனியாக விளையாடுகிறீர்கள், ஒரு தடவை செத்தால் எல்லாம் போக வேண்டும், அந்தப் பயம்தான் வேண்டும் என்றால் தி லாங் டார்க்கை எடுங்கள், வீடு கட்டும் வசதி இல்லாத குறை தெரியாது. கணினி கொஞ்சம் பழையது, இணையமும் சுமார் என்றால் வால்ஹைமுக்கு ஒரு சாதகம் உண்டு: வெளியானபோது அதன் பதிவிறக்கம் சுமார் 1 ஜிபிதான். ஆனால் வீடு பெருகப் பெருக, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான துண்டுகள் சேர்ந்ததும், கணினி திணறும். ஒரு பெரிய கோட்டைக்குப் பதில் நாலு சின்ன வீடாகப் போடுவது நல்லது.

2024 டிசம்பரில் ஹின்டர்லேண்ட், பிளாக்ஃப்ராஸ்ட் என்ற பெயரில் தி லாங் டார்க்கின் இரண்டாம் பாகத்தை அறிவித்திருக்கிறது, சேர்ந்து விளையாடும் வசதியோடு. அதில் வீடு கட்ட விடுவதாக இருந்தால் நூறு வகைச் சுவர் கொடுக்க வேண்டாம். ஒரே ஒரு மரக்குடில் போதும். கூரைச் சரிவு சரியாக இல்லாவிட்டால் பனி குவிந்து கைமரம் வளைய வேண்டும், மண்வெட்டியோடு ஏறித் தள்ளிவிட வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் தோல் காயப் போட ஒரு சட்டம் நானே அடிக்க முடிய வேண்டும். நான் பக்கத்தில் இல்லாத நாளில் அந்தக் குடிலைப் பனி தொடாமல் விட வேண்டும். இவ்வளவு கொடுத்தால் போதும், தம்பியையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே அந்தப் பக்கம் போய்விடுவேன்.