இரண்டு வைகாசி தாண்டிய மின்விசிறிகள்

என் பழைய கொரோலா டீஎக்ஸ் வேகனில் எஞ்சினின் சூட்டை ஆற்ற அதோடு சேர்ந்தே சுழலும் விசிறியைக் கழற்றிவிட்டு, இரண்டு மின்விசிறிகளைப் பூட்டியது 2023 ஓகஸ்டில். அதன்பின் அந்தக் கார் இரண்டு மாரியும் இரண்டு வைகாசிப் பொங்கலும் கண்டுவிட்டது. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம், கிளிநொச்சி, வவுனியா என்று கிழமையில் நாலு நாளாவது ஓடுகிற வண்டி. பூட்டிய முதல் மாதத்தில் எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாகப் போயிருக்கும். இப்போது அதன் குறையும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

மாற்றவேண்டி வந்தது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பயணத்தால். 2023 வைகாசிப் பொங்கலுக்கு அம்மாவையும் பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். முள்ளியவளை தாண்டியதும் வாகனங்கள் ஊரத் தொடங்கின. பஸ், லாண்ட் மாஸ்டர், காவடியோடு நடக்கும் சனம். பத்து மீற்றர் நகர்வதும் நிற்பதுமாக அரை மணி நேரம். “தம்பி, ஏதோ சூடேறின மணம் வருகிறது” என்று பெரியம்மா சொன்னபோது வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. ஒரு வேப்பமரத்தின் கீழ் நிறுத்தி, எஞ்சினின் சுடுதண்ணீரை ஆற்றும் ரேடியேட்டர், மூடியைத் திறக்கும் அளவுக்குத் தானே ஆறுவதற்கு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பெரியம்மா மிச்ச வழியை நடந்தே போனார். அது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

பழைய விசிறியின் பலவீனம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. வோட்டர் பம்பின் முனையில் பூட்டியிருப்பதால் எஞ்சினின் வேகந்தான் அதன் வேகம். நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, காற்று மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில், அதுவும் மெதுவாகவே சுற்றும். ஏ9 வீதியில் எழுபதில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஆனால் அப்போதுதான் அது முழு வேகத்தில் சுற்றி எஞ்சினின் பலத்தைத் தின்னும். விசிறி இழுக்கும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும். சுற்று இரட்டித்தால் எட்டு மடங்கு.

விசிறியை மாற்ற முன் ரேடியேட்டரைக் கழற்றிப் பாருங்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் ரேடியேட்டருக்குள்ளும் படிகிறது. என்னுடையதன் மேல்தொட்டியைப் பிரித்தபோது மூன்றில் ஒரு பங்குக் குழாய்கள் அடைபட்டிருந்தன. முன்பக்கத் தகடுகளுக்கிடையே வைக்கோல் தும்பும் கிரவல் வீதியின் செம்மண்ணும் சேர்ந்து அடை போல இறுகியிருந்தது. இரண்டையும் துப்புரவு செய்ததிலேயே முள் ஓரளவு இறங்கியது. அன்றிலிருந்து கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் தவிர வேறெதுவும் ஊற்றுவதில்லை.

விசிறிகள் இரண்டும் பன்னிரண்டு அங்குலம். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகமாக, பிளாஸ்டிக் கூட்டோடு வாங்கினேன். அந்தக் கூடு மிக முக்கியம். கூடு இல்லாத விசிறி தனக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும். கூடு இருந்தால் ரேடியேட்டரின் முழுப் பரப்பிலிருந்தும் இழுக்கும். சிலர் பிளாஸ்டிக் பட்டியை ரேடியேட்டருக்குள்ளால் கோத்து விசிறியைக் கட்டுவார்கள். நம் வீதிகளின் குலுக்கலில் அது குழாயை அராவி ஓட்டையாக்கிவிடும். நான் ரேடியேட்டரின் இரு பக்கச் சட்டங்களிலும் இரும்புப் பட்டை வைத்துப் பூட்டுவித்தேன். பூட்டியதும் முன்பக்கம் ஒரு பத்திரிகைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். இழுத்து ஒட்டிக்கொள்ளவேண்டும். எனக்கு முதல்முறை தாள் பறந்து விழுந்தது. வயரை மாற்றிக் கொடுத்ததால் ஒரு மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறது.

வெப்பத்துக்கு இயங்கும் சுவிட்ச், மேல் ஹோஸை வெட்டி இடையில் சேர்த்த அலுமினியக் குழாயில் இருக்கிறது. 92 பாகையில் விசிறிகளைப் போட்டு 87 இல் நிறுத்தும். அந்தக் குழாயின் இரு பக்கமும் ரப்பர் என்பதால் அதற்குத் தனியாக எர்த் வயர் கொடுக்கவேண்டும். எங்களுக்கு அது பிடிபடாமல் ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

இரண்டு விசிறிகளும் சேர்ந்து 19 அம்பியர் இழுக்கின்றன. காருக்கு மின்சாரம் உண்டாக்கும் என் பழைய ஓல்டர்நேட்டர் 50 அம்பியர் தருவது, அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றினால். இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் வேலை செய்யும்போது விசிறிகள் ஒன்றாகத் தொடங்கினால் வெளிச்சம் சட்டென்று மங்கியது. இரண்டாவதைச் சில விநாடி பிந்தித் தொடங்கும்படி செய்தபின் மங்கல் குறைந்தது. பிறகு 70 அம்பியர் ஓல்டர்நேட்டர் ஒன்றைப் போட்டேன். எல்லாமாக 46,000 ரூபாய் முடிந்தது. 2020 இல் வாகன இறக்குமதி நின்றபின் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு, இருக்கும் காரில் இந்தப் பணத்தைப் போடுவது ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

இனிக் குறை. 2024 ஆடியில், சோளகம் வீசுகிற ஒரு மத்தியானம், மாங்குளம் சந்தியில் நிறுத்தியபோது முள் ஏறியது. ஒட்டுசுட்டானிலிருந்து அங்கே வரும்வரை ஓட்டத்தின் காற்று குறையை மறைத்துவிட்டது. பொனற்றைத் திறந்தேன். இரு விசிறிகளும் அசையாமல் நின்றன. விசிறிகளுக்கு மின்சாரத்தைத் தொடுத்துவிடும் ரிலேயைப் பிடுங்கினால், அதன் கால் ஒன்று நீலம் பாய்ந்திருந்தது. அது செருகும் பிளாஸ்டிக் இருக்கை பழுப்பாகி, மெழுகு போல இளகி ஒரு பக்கம் சரிந்திருந்தது. தொடுப்பு தளர்ந்து சூடேறி, சூட்டினால் மேலும் தளர்ந்திருக்கிறது. இரண்டு விசிறிக்கும் ஒரே ரிலே போட்டது எங்கள் பிழை.

பழைய விசிறி பெல்ட் உள்ளவரை சுற்றும். பெல்ட் அறுந்தால் சார்ஜ் விளக்கு எரிந்து சொல்லிவிடும். மின்விசிறி ஒரு சத்தமும் இல்லாமல் நின்றுவிடும். மாற்ற நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்தே தொடங்கவேண்டும். இப்போது ஒவ்வொரு விசிறிக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ், 6 சதுர மில்லிமீற்றர் வயர். ஒவ்வொரு மோட்டரின் முனையிலிருந்தும் ஒரு வயரை இழுத்து டாஷ்போர்டில் இரண்டு சிறு பச்சை விளக்குகள் வைத்திருக்கிறேன். மோட்டர் வரை மின்சாரம் போகிறது என்பதை மட்டுமே அவை சொல்லும் என்பதால், நிற்கும் இடங்களில் கண்ணாடியை இறக்கிக் காதாலும் கேட்கிறேன். சுவிட்ச் பழுதானால் கையால் போடவும், தேவையென்றால் முழுதாக நிறுத்தவும் ஒரு தனிச் சுவிட்சும் உண்டு.

அந்த நிறுத்தும் சுவிட்ச் 2024 நவம்பர் வெள்ளத்தில் கைகொடுத்தது. முன்பு மதகு நிரம்பி வீதிக்கு மேல் தண்ணீர் ஓடினால், விசிறி அதை அள்ளி, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரில் அடித்து எஞ்சினை நிறுத்திவிடும். இம்முறை தண்ணீருக்குள் இறங்க முன் விசிறிகளை நிறுத்தி, மெதுவாகக் கடந்து, மறுகரையில் மீண்டும் போட்டேன். முழங்காலுக்குக் கீழே நின்ற தண்ணீர் அது. அதற்கு மேலென்றால் எந்த விசிறியோடும் இறங்கமாட்டேன்.

பெற்றோலுக்காக மட்டும் மாற்றவேண்டாம். எனக்கு லீற்றருக்கு 11.2 கிலோமீற்றரிலிருந்து 11.9 ஆனது. அதில் ரேடியேட்டர் துப்புரவுக்கும் கார்பரேட்டர் சரிசெய்ததற்கும் பங்கு உண்டு. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வயல் பாதையில் ஊரும் டீசல் வாகனங்களுக்கும் இதைச் சொல்லமாட்டேன். சூட்டுக்கு ஏற்ப இறுகித் தளரும் விஸ்கஸ் விசிறி அவற்றில் நன்றாக இருந்தால் அதுவே இருக்கட்டும்.

2025 வைகாசியில் பெரியம்மாவைக் கோயில் வாசலுக்குக் கிட்டவே இறக்கினேன். முள்ளியவளையிலிருந்து ஊர்ந்த அவ்வளவு நேரமும் பச்சை விளக்குகள் எரிந்து அணைந்து எரிந்தன; முள் பாதியைத் தாண்டவில்லை. திரும்பி வரும்போது இடப்பக்க மோட்டரில் மெல்லிய கிறீச்சொலி ஒன்று கேட்டது. கழற்றிப் பார்த்தால், சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் நகத்தளவுக்குத் தேய்ந்திருக்கிறது. புதியது வவுனியாவில் சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும்வரை வலப்பக்க விசிறி முதலில் தொடங்கும்படி மாற்றிவிட்டிருக்கிறேன்.