18-55ஆ, 50ஆ? நீலகிரிக்காரரின் முதல் லென்ஸ்

முதல் டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்கியவர் யாரிடம் யோசனை கேட்டாலும், "கூட வந்த 18-55 கிட் லென்ஸைத் தூக்கி ஓரமா வை, ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கு" என்பார்கள். கோவையில் இருப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். குன்னூரிலோ கோத்தகிரியிலோ படம் எடுக்கப் பழகுகிறவருக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

முதல் காரணம் இடம். கிட் லென்ஸ் 18 மி.மீ. முதல் 55 வரை ஜூம் ஆகும்; எண் சிறிதானால் காட்சி அகலம். 50-இல் ஜூம் கிடையாது. தொடக்கநிலை கேமராக்களின் சென்சார் சிறியது என்பதால் கேனானில் அது 80 மி.மீ. போலவும் நிக்கானில் 75 போலவும் நெருக்கிக் காட்டும். "ஜூம் இல்லாட்டி என்ன, நாலடி பின்னால போய் எடு" என்பார்கள். சமவெளியில் போகலாம். தேயிலைச் சரிவைப் படமெடுக்கச் சாலை வளைவில் நிற்பவர் எங்கே போவது? பின்னால் பேருந்து வருகிறது, முன்னால் பள்ளம். கேத்தி பள்ளத்தாக்கை 18-இல் எடுத்தால் வீடு, கேரட் தோட்டம், மலையடுக்கு, மேகம் எல்லாம் ஒரே படத்தில் வரும். 50-இல் அதன் ஒரு மூலைதான்.

வெளிச்சத்தில் 50-தான் ராஜா, மறுக்கவில்லை. கிட் லென்ஸை 55-க்கு நீட்டினால் அபெர்ச்சர், அதாவது ஒளி புகும் துளை, எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எண் சிறிதானால் துளை பெரிது). 1.8 அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 தேவைப்படும் இடத்தில் 50-க்கு 320 போதும். ஆனால் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' ஃபிலிம் தயாரித்த காலத்தில் இந்த வித்தியாசம் உயிர்நாடி. ரோலை மாட்டிவிட்டால் அது தீரும்வரை ஒரே ஐஎஸ்ஓ. இன்று படத்துக்குப் படம் மாற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் புள்ளி தட்டினால் தட்டட்டும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இப்போதைய கிட் லென்ஸ்கள் பெரும்பாலானவற்றில் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி உண்டு; இந்த மலிவு 50-களில் இல்லை. சோலைக்குள் பாசி படிந்த மரம், ஓடைப் பாறை, மூட்டத்தில் நிற்கும் யூகலிப்டஸ் இவையெல்லாம் அசையாதவை. 18-இல் வைத்து, முழங்கையை உடம்போடு ஒட்டி, 1/10 நொடியில்கூடக் கையிலேயே எடுத்துவிடலாம். 50-க்கு 1/80-க்குக் கீழே போகத் தயங்க வேண்டும்.

அசைகிற ஆட்களென்றால் கதை வேறு. நடுக்கத்தைத் தாங்கும் வசதி உங்கள் கையைத்தான் நிறுத்தும், ஆடுகிறவர் காலை நிறுத்தாது. படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையில் பொழுது சாய்ந்தபின் வெள்ளை உடுத்தி ஆடுகிறவர்கள், மார்க்கெட்டில் மங்கிய பல்பின் கீழ் எடை போடுகிறவர், வீட்டுக்குள் ஓடும் குழந்தை, இங்கெல்லாம் 50 இல்லாமல் தவிப்பீர்கள். முகம் எடுக்கவும் அதுதான் அழகு. ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் 1.8-இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ. மூக்கு தெளிவு, கண் மசங்கல். அபெர்ச்சரை 2.8-க்குக் குறைத்து, கண்ணில் ஃபோகஸ் வைத்துப் பழகுங்கள்.

மலைரயிலுக்கு எது என்று கேட்பார்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறும் வண்டி, மெதுவாகத்தான் வரும். கிட் லென்ஸே தாராளம்.

மூட்டத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஏமாற்றும். வெள்ளையைக் கண்ட கேமராவின் ஒளி மீட்டர் படத்தைச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 ஏற்றுங்கள். ஃபோகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தால் மரத்தின் விளிம்பில் பிடித்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பொருளை நெருங்கி எடுப்பதில் 'மட்டமான' கிட் லென்ஸ் ஜெயிப்பது வேடிக்கை. கேனான் 18-55 எஸ்டிஎம் 25 செ.மீ. வரை நெருங்கும், 50 எஸ்டிஎம்முக்கு 35 செ.மீ. வேண்டும். ஜனவரியில் தலைக்குந்தா புல்வெளியில் உறைபனியை எடுக்கப் போகிறவர் 50-ஐ வீட்டிலேயே விடலாம்.

ஆக, முதல் வருஷம் 18-55 போதும். எடுத்த படங்களில் ஆட்களும் இருட்டும் கூடிக்கொண்டே போனால் 50 வாங்குங்கள். அதற்கு முன், காற்றுப் புகாத டப்பா ஒன்றும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும். கூடலூர் பக்கம் ஜூனில் பிடிக்கும் மழை நின்றாலும், அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிக்கு இன்னொன்று வரும். பையிலேயே மூடி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடித்தால் எஃப் 1.8-ம் ஒன்றுதான், 5.6-ம் ஒன்றுதான்.

நிக்கான்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய 50 எஃப் 1.8டி அவற்றில் தானாக ஃபோகஸ் செய்யாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உண்டு என்பதைக் காட்டும் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என்னைக் கேட்டால் அதே வரிசையின் 35 எஃப் 1.8ஜி இன்னும் மேல். அதே அளவு திறக்கும், அவ்வளவு நெருக்காது, இங்குள்ள சின்ன வீடுகளுக்குள் சுவரில் முதுகு இடிக்காமல் எடுக்கலாம்.