மாணவர் குறும்படத்துக்கு சென்சார்: இ-சினிபிரமாண் தளம் எப்படி?

தியேட்டரில் திரையிடப்போகும் குறும்படம் என்றால் மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் இந்தத் தளத்துக்குத்தான் வந்தாக வேண்டும். யூடியூபில் ஏற்ற மட்டும் என்றால் சென்சார் தேவையே இல்லை. திரைப்பட விழா என்றால், விழாக் குழு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் சான்றிதழ் விலக்கு வாங்கியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வாங்கியிருந்தால் வேலை மிச்சம்.

தளத்தின் பெரிய நிறை, 10 நிமிடத்துக்குள் அடங்கும் படத்தின் கோப்பை அங்கேயே ஏற்றிவிடலாம் என்பது. வாரியத்தின் சென்னை அலுவலகம் இருக்கும் சாஸ்திரி பவனுக்கு அலைச்சலும் இல்லை, தரகருக்குச் செலவும் இல்லை. 10 நிமிடம் 20 நொடியில் நிற்கும் படமா? எண்ட் டைட்டிலைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுங்கள்.

சிக்கல் வயதுப் பிரிவில்தான். 2024 திரைப்படச் சான்றிதழ் விதிகளுக்குப் பின் யு, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+, ஏ என்று பிரிவுகள். யுஏ எண்கள் பெற்றோருக்கான வழிகாட்டல்தான். 18 வயதுக்குட்பட்டோரை உள்ளே விடவே கூடாது என்று தடுப்பது ஏ மட்டும். எது வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், முடிவு படத்தைப் பார்வையிடும் வாரியக் குழுவின் கையில். எனவே விண்ணப்பிக்கும் முன் நீங்களே ஒருமுறை சென்சார் அதிகாரியாகிப் பாருங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் அட்டவணை ஓடிடிக்காக எழுதப்பட்டதுதான். ஆனால் வன்முறை, கெட்ட வார்த்தை, போதை, பாலுறவு, அச்சம், பார்த்துச் செய்யக்கூடிய செயல் என்று வகை பிரித்திருப்பதால் நல்ல அளவுகோல். படத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு வகைக்கும் நேரக்குறிப்பு எழுதுங்கள். ராகிங், தற்கொலை பற்றிய படங்கள் பெரும்பாலும் கருவால் மாட்டுவதில்லை. செய்யும் முறையை குளோசப்பில் விளக்கமாகக் காட்டுவதுதான் பிரிவை மேலே தள்ளும். கயிற்றைக் காட்டாமல், மூடிய கதவோடு ஷாட்டை வெட்டினாலும் காட்சியின் தாக்கம் குறையாது.

சிகரெட் வைத்த ஷாட் இருந்தால் கணக்கே வேறு. தொடக்கத்திலும் நடுவிலும் தலா 30 நொடி புகையிலை எதிர்ப்பு விழிப்புணர்வுப் படம், தலா 20 நொடி அறிவிப்பு. மொத்தம் 100 நொடி. போதாததற்கு, புகைக்கும் நேரம் முழுக்க அடியில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து எச்சரிக்கை, அதுவும் படத்தின் மொழியிலேயே. காட்சி ஏன் தேவை என்ற விளக்கமும் கேட்பார்கள். ஏழு நிமிடப் படத்துக்கு இது கட்டுப்படியாகாது. ஹீரோ டீ குடிக்கட்டும்.

நாயோ மாடோ நடித்திருந்தால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். எடிட்டிங் டேபிளில் இதற்கு மருந்து கிடையாது.

சான்றிதழ் வந்தபின் ஒரு ஷாட்டைச் சேர்த்தாலும் வெட்டினாலும் வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். ஆகவே எடிட் லாக் ஆகி (இனி வெட்டு ஒட்டு இல்லை என்று முடிவாகி), ஒலி மிக்சிங் முடிந்து, சப்டைட்டிலில் எழுத்துப்பிழை திருத்திய கோப்பை மட்டும் ஏற்றுங்கள். தற்காலிகமாகப் போட்ட யாரோ ஒருவரின் பாட்டு இன்னும் பின்னணியில் ஓடுகிறதா என்றும் ஹெட்போன் மாட்டிக் கேட்டுவிடுங்கள்.