கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட காரைப் பழையதாக வாங்கப் போகிறீர்களா? என் 4,20,000 ரூபாய் போன கதை

காரைக்குடியில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு கடையில் 4,20,000 ரூபாய் கொடுத்து 2016-ஆம் ஆண்டு ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் டீசல் வண்டி வாங்கினேன். அது இப்போது மதுரையில் எஞ்சின் பிரிக்கப்பட்டுக் கிடக்கிறது. விற்றவர் இன்று காலை என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். வழக்கறிஞர் தடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்ததும், மறைமலை நகர் ஆலையில் 2022 ஜூலையோடு வேலை நின்றதும் ஊரறிந்த செய்தி. உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அதைவிட அழுத்தமாகச் சொன்னவர் கடைக்காரர். "கம்பெனி போனதாலதாண்ணே இந்த விலைக்குக் கிடைக்குது. பார்ட்ஸ் மதுரையில கொட்டிக் கிடக்கு. எஞ்சினுக்கு ஆறு மாசம் நான் பொறுப்பு" என்றார். 62,000 கிலோமீட்டர் காட்டிய மீட்டரையும், முத்திரை குத்திய சர்வீஸ் புத்தகத்தையும் காட்டினார். அப்பச்சியின் சாந்திக் கல்யாணத்துக்கு (அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு) முன் வண்டி வேண்டும் என்பதை எங்கள் பேச்சிலிருந்தே பிடித்துக்கொண்டவர், பணப்பேச்சை எடுப்பதற்கு முன்பே சாவியை ஆத்தாவின் (அம்மாவின்) கையில் வைத்து, "ஆச்சி, கோயிலுக்கு ஒரு சுத்துப் போயிட்டு வாங்க, பிடிக்கலைன்னா சாவியைத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார். கொப்புடையம்மன் கோயில் வாசலில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கித் திரும்பிய வண்டியை வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் எவருக்கும் வாய் வராது என்பதை அவர் நன்றாகவே கணக்குப் போட்டிருக்கிறார்.

திருமயத்தைத் தாண்டியதும், பிஸ்டன்களும் வால்வுகளும் ஒன்றோடொன்று மோதாமல் ஓட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தது. இந்த டீசல் எஞ்சினில் இருப்பது பெல்ட், சங்கிலி அல்ல. ஓட்டத்தில் அது அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி எஞ்சினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டே வீணாகிவிடும். மதுரை சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைத் தட்டிப் பார்த்தபோது, 2020-லேயே வண்டி 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது என்றும், பெல்ட் மாற்றியதற்குப் பதிவே இல்லை என்றும் தெரிந்தது. மெக்கானிக் குனிந்து கிளட்ச் பெடலைக் காட்டினார். ரப்பரில் ஒரு வரிகூட மிச்சமில்லை. இடது ஓரத்தில் இரும்பு பளபளத்தது. சீட்டுக்கு மட்டும் புத்தம்புது உறை. சிலிண்டர் ஹெட் இருப்பில் இல்லை, எப்போது வரும் என்பதற்கும் உறுதியான பதில் இல்லை.

கடைக்குப் போன் செய்தால் "மொதலாளி சென்னை போயிருக்காரு" என்றான் பையன். அந்த முதலாளியின் குரல் பின்னாலேயே கேட்டது. நேரில் போனபோது, "பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே" என்றார். மீட்டரைத் திருப்பியது பற்றிக் கேட்டதும், டெலிவரி நோட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த 'உள்ளது உள்ளபடி' என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினார். கடைசியாக, "கம்பெனியே நாட்டை விட்டுப் போயிட்டான், நான் என்னண்ணே செய்ய முடியும்?" என்றாரே பார்க்கலாம்! விற்கும்போது எனக்கு லாபமாகச் சொல்லப்பட்ட அதே சங்கதி, 4,20,000 ரூபாய் கைமாறிய பிறகு அவருக்குச் சாக்காகிவிட்டது.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன். இருக்கும் ஆத்திரத்தில் இவ்வளவுதான் முடிகிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் சேசிஸ் எண்ணை அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்துப் பழைய பதிவுகளைக் கேளுங்கள். கடைக்காரர் நீட்டும் புத்தகத்தை நம்பாதீர்கள். டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். கேரண்டி எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நான் சிவகங்கை ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதே கடை இந்த வாரம் இன்னொரு ஈக்கோஸ்போர்ட்டை 4,50,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்திருக்கிறது. வெள்ளை நிறம், 55,000 கிலோமீட்டர், புதுச் சீட்டு உறை.