புதுக் காருக்கு பிபிஎஃப்: ஒட்டியது ஒரு நாள், உரித்தது இரண்டு நாள்

காருக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. மீட்டர் 26,000 கிலோமீட்டரைத் தாண்டியாயிற்று. இதற்குள் இரண்டு முறை பிபிஎஃப், அதாவது பெயிண்டைக் காக்க மேலே ஒட்டுகிற நிறமில்லாத பிளாஸ்டிக் ஃபிலிம், ஒட்டி, நடுவில் ஒரு முறை உரித்தும் பார்த்துவிட்டேன். உரித்த கதைதான் பெரியது.

2024 ஜனவரியில் டெலிவரி எடுத்தோம். அடர்நீலம். "வேளச்சேரியில இருந்துக்கிட்டு இந்தக் கலரா மாமா?" என்று மச்சான் அன்றைக்கே கேட்டான். ஷோரூமிலிருந்து வண்டி நேராக ஃபிலிம் கடைக்குப் போனது. அதற்கு முந்தின ஒரு மாதம் நான் படித்ததெல்லாம் ஃபிலிமைப் பற்றித்தான். டிபியூவா பிவிசியா (இரண்டும் பிளாஸ்டிக் வகைகள்), எத்தனை மைக்ரான் தடிப்பு (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), எத்தனை வருஷ வாரன்டி. பிவிசி விலை குறைவுதான், ஆனால் நம்ம ஊர் வெயிலில் சீக்கிரமே மஞ்சளடித்து விறைத்துப் போகும். ஆக டிபியூ என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் தப்பில்லை. எந்த இடத்தில், யார் கையால் ஒட்டப் போகிறார்கள் என்பதைத்தான் பார்க்காமல் விட்டேன். ரோட்டைப் பார்த்துப் பாதி திறந்த ஷட்டர், பக்கத்திலேயே வாட்டர் வாஷ், மேலே ஓடுகிற ஃபேன். எல்லாமே கண்ணெதிரே இருந்தும் மண்டையில் ஏறவில்லை.

முழு காருக்கும் 90,000 ரூபாய். பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 1,06,200 ஆகும் என்றார் கடைக்காரர். "எதுக்கு சார் வீணா?" எனக்கும் அப்போது எதுக்கு வீணா என்றுதான் தோன்றியது.

காலையில் விட்ட வண்டியை ராத்திரி ஒன்பது மணிக்குக் கையில் கொடுத்தார்கள். இவ்வளவு சீக்கிரமா என்று சந்தோஷம் வேறு. முழு காரை நிதானமாக ஒட்டினால் மூன்று நாளாவது ஆகும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கக் குமிழ். போன் போட்டேன். "தண்ணிதான் சார், ரெண்டு வாரத்துல தானா செட் ஆயிடும்." இதில் பாதி உண்மை. சோப்புத் தண்ணீர் தெளித்து, அதன் மேல் ஃபிலிமை நகர்த்திப் பொருத்தி, பிறகு ஸ்குவீஜியால், அதாவது ரப்பர் பட்டையால், தண்ணீரை வழித்தெடுப்பதுதான் முறை. மிஞ்சுகிற ஈரம் வெயிலில் மெல்ல ஆவியாகிவிடும். ஆனால் தூசி ஆவியாகாதே. விரலால் அழுத்தினால் தண்ணீர்க் குமிழ் நகரும். தூசி, மணல் மாதிரி கடுக்கென்று அங்கேயே நிற்கும். இரண்டு வாரம் கழித்து எண்ணினேன், பானெட்டில் மட்டும் 23. வெள்ளைக் காராக இருந்தால் பாதி தெரிந்திருக்காது. மச்சானிடம் இதைச் சொல்லவில்லை.

டிரைவர் பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே ஒரு முடி. இமை முடி அளவுதான், கொஞ்சம் வளைந்து கிடக்கும். அதன் இரண்டு பக்கமும் ஃபிலிம் ஒட்டாமல் குட்டிக் கூடாரம் மாதிரி தூக்கி நின்றது. என் பெண் அதற்குப் புழு என்று பேர் வைத்தாள். கதவைத் திறக்கும் போதெல்லாம் கண் அங்கேதான் போகும். யாருடைய முடி என்றுகூட யோசித்திருக்கிறேன்.

மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் அடுத்தது ஆரம்பித்தது. பம்பர் மூலைகளிலும் பக்கக் கண்ணாடி ஓரங்களிலும் ஃபிலிம் எழும்பியது. வளைவான இடத்தில் அளவுக்கு மீறி இழுத்து ஒட்டினால், சூடு ஏறும்போது ஃபிலிம் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். ஓரத்தை உள்பக்கம் மடித்து ஒட்டாமல் விளிம்போடு வெட்டியிருந்தால் பிடிமானமும் இருக்காது. கடையில் ஹீட் கன் காட்டி, ஓரத்தில் ஏதோ பசையைத் தடவி அனுப்பினார்கள். இப்படி மூன்று தடவை நடந்தது.

அக்டோபரில் ரெட் அலர்ட் வந்தபோது, மற்றவர்களைப் போல நானும் வண்டியை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினேன். வெள்ளத்திலிருந்து கார் தப்பித்தது. ஆனால் தூக்கியிருந்த ஓரங்களுக்குள் மழைத் தண்ணீர் புகுந்து, காய்ந்த பிறகு பானெட்டைச் சுற்றி மை தீட்டின மாதிரி ஒரு கறுப்புக் கோடு. "காசு கொடுத்து அழுக்கை லேமினேட் பண்ணி வெச்சிருக்கீங்க" என்றாள் என் மனைவி. பதில் சொல்ல ஒன்றுமில்லை.

2025 பிப்ரவரியில் முகப்பேரில் வேறொரு கடையில் உரிக்கக் கொடுத்தேன். கூலி 10,000. பேனலைச் சூடாக்கி, ஃபிலிமைச் செங்குத்தாக இழுக்காமல் வண்டியோடு படுக்கவைத்த மாதிரி மெல்ல இழுக்கிறார்கள். அவசரப்பட்டால் பசை பெயிண்டிலேயே தங்கிவிடும், பழுது பார்த்து மறுபடி அடித்த பெயிண்ட் என்றால் பெயிண்டே கூட வந்துவிடும். ஃபிலிம் முதல் நாளே வந்துவிட்டது. அந்த ஓரத்துப் பசையை எடுக்கத்தான் இன்னொரு நாள் ஆயிற்று.

உரித்த பிறகு அங்கிருந்த அண்ணன் டார்ச்சைச் சாய்த்து அடித்தார். "சார், நகத்தை வெச்சுப் பாருங்க." பின்விளக்கைச் சுற்றி, கைப்பிடிக் குழிவில், பானெட் விளிம்பில், நூல் பிடித்த மாதிரி மெல்லிய கோடுகள். நகம் மாட்டியது. ஃபிலிமைக் காரின் மேலேயே வைத்துக் கத்தியால் வெட்டியிருக்கிறார்கள். ஃபிலிமின் தடிப்பு சுமார் 200 மைக்ரான், அடியில் இருக்கிற கிளியர்கோட், அதாவது பெயிண்டின் நிறமில்லாத மேல்பூச்சு, 40, 50 மைக்ரான்தான். இருநூறை வெட்டுகிற கை ஐம்பதுக்கு முன்னால் நிற்க வேண்டும். நின்றிருக்கவில்லை. பெயிண்டைக் காக்க ஒட்டியதுதான் பெயிண்டைக் கிழித்திருக்கிறது. ஒரு வருஷம் அது எனக்குத் தெரியாமல் மூடியும் வைத்திருக்கிறது.

நகம் மாட்டாத கோடுகள் பாலிஷில் போயின. மாட்டியவற்றில் இரண்டு இடம் மட்டும் டச்சப் வைத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டேன். பேனலை முழுசாகப் பெயிண்ட் அடிக்கலாமே என்றார்கள், மறுத்துவிட்டேன். தொழிற்சாலையில் வெறும் பாடியை அதிகச் சூட்டில் வேகவைத்துப் பிடிக்கிற பெயிண்ட் அது. அந்தச் சூட்டை முழு காருக்கு ஒர்க்‌ஷாப்பில் கொடுக்க முடியாது.

பழைய கடைக்காரரிடம் படங்களோடு போனேன். வாரன்டி கார்டை எடுக்கச் சொன்னார். ஃபிலிம் மஞ்சளாவதற்கும் வெடிப்பதற்கும்தான் வாரன்டி, ஒட்டிய வேலைக்கு இல்லை என்று அதிலேயே அச்சடித்திருந்தது. எந்த ஃபிலிம் ரோல் என்று எண் எழுத வேண்டிய கட்டம் காலி. பில்? அதுதான் பதினாறாயிரம் மிச்சம் பிடித்தோமே. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். கையில் இருந்தது யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான். இரண்டு மாத இழுபறிக்குப் பின் 30,000 திரும்ப வந்தது. மீதிக்கு வழக்கு போடப் பொறுமை இல்லை. போட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் அவ்வப்போது தோன்றும்.

இரண்டாவது ஃபிலிமை முகப்பேரிலேயே போட்டேன், முன்பக்கம் மட்டும்: பானெட், பம்பர், ஃபெண்டர், பக்கக் கண்ணாடிகள். 48,000, பில்லோடு. மூடிய அறை, பிளாட்டர் என்கிற வெட்டும் மெஷினில் முன்கூட்டியே வெட்டிய ஃபிலிம், இரண்டு நாள். பத்து நாள் கழித்து ஓரம் பார்க்க அவர்களே கூப்பிட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருஷமாகிறது. பெங்களூர் ஹைவேயில் லாரி தெறித்த கல் ஒன்று பானெட்டில் பட்டும் பெயிண்ட் தப்பித்தது. துடைக்கும்போது விழுகிற மெல்லிய கீறல்கள் வெயிலில் தானே மறைகின்றன, அந்த வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. காக்கை எச்சத்தை அன்றன்றே கழுவாவிட்டால் இந்த ஃபிலிமிலும் கறை விழும். எங்கள் அபார்ட்மென்ட் போர் தண்ணீரின் உப்புப் புள்ளிகளும் அப்படித்தான். முன்கூட்டியே வெட்டியது என்பதால் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் விட்டு நிற்கிறது, அங்கே அழுக்கு சேரும். பழைய பல் பிரஷ் போதும்.

பம்பரின் இடது மூலையில் போன வாரம் அரை அங்குலம் எழும்பியிருக்கிறது. போன் போட்டதற்கு, கை வைக்காமல் அப்படியே எடுத்துவரச் சொன்னார்கள். சனிக்கிழமை போகிறேன்.