முடிவோடு வயலும் வருகிறதா? வேளாண் ஆய்வைப் பகிரும் இணையக் கருவிகள் குறித்து ஒரு மதிப்புரை

ஒரு வேளாண் ஆய்வு முடிவு, அது எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எந்த இரகத்தில், எவ்வளவு நீர் வசதியுடன் பெறப்பட்டது என்ற விவரம் இல்லாமல் கைமாறினால் பாதி மதிப்பை இழந்துவிடுகிறது. சில நேரங்களில் தீங்காகவும் முடிகிறது. களிமண் நிலத்தில் இரண்டு தவணையில் தழைச்சத்து இட்டுப் பெற்ற நல்ல விளைச்சலைப் படித்துவிட்டு, மணற்பாங்கான நிலம் வைத்திருப்பவர் அதே முறையைக் கையாண்டால், இட்ட உரத்தின் பெரும்பகுதி நீரோடு வேருக்குக் கீழே இறங்கிப் போகும். ஆய்வும் சரி, அவர் செய்ததும் சரி. இடையில் மண் என்ற ஒரு சொல் விடுபட்டதுதான் கோளாறு. ஆகவே, வேளாண் ஆராய்ச்சியைப் பகிர்வதற்கென்று இணையத்தில் உள்ள கருவிகளை எடைபோடும்போது நான் ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டேன்: முடிவு நம் கைக்கு வரும்போது, அது பிறந்த வயலின் நிலைமையும் கூடவே வருகிறதா?

முதலில் அக்ரிஸ். ஐக்கிய நாடுகள் சபையின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1970களின் நடுப்பகுதியில் தொடங்கிய இந்த நூல்விவரத் தரவுத்தளத்தில் இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பல நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் தங்கள் வெளியீடுகளின் விவரங்களை இதற்கு அனுப்புகின்றன. தேடுவதற்குக் கட்டணம் கிடையாது. பெரிய வணிகத் தரவுத்தளங்கள் ஏறெடுத்தும் பார்க்காத சிற்றிதழ்களும் நிலைய அறிக்கைகளும் ஆய்வேடுகளும் இதில் அகப்படுவதுதான் இதன் தனிச்சிறப்பு. ஒரு வட்டாரத்தின் மண்ணையும் மழையையும் அறிந்தவர்கள் எழுதியவை பெரும்பாலும் அத்தகைய வெளியீடுகளில்தான் கிடக்கின்றன என்பதால், என் அளவுகோலின்படி இது சிறிய பெருமை அன்று.

அக்ரிஸின் முதுகெலும்பு அக்ரோவாக் என்ற பன்மொழிக் கலைச்சொற் களஞ்சியம். 1980களின் தொடக்கத்தில் உருவாகி, இன்று ஏறத்தாழ 40,000 கருத்துருக்களையும் 40க்கு மேற்பட்ட மொழிகளையும் கொண்டுள்ள இதில், ஒவ்வொரு கருத்துருவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஒரு பயிருக்கோ பூச்சிக்கோ பல மொழிகளில் வழங்கும் பெயர்களெல்லாம் அந்த ஒரே எண்ணில் கட்டப்பட்டிருப்பதால், ஒரு மொழியில் எழுதப்பட்ட ஆய்வை வேறொரு மொழியில் தேடுபவரும் கண்டடைய வழி பிறக்கிறது. இது வெளியில் தெரியாத உழைப்பு. பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோர் இப்படியொன்று இருப்பதையே அறியமாட்டார்கள். நிறுவனக் களஞ்சியம் ஒன்றைப் புதிதாக அமைப்பவர்கள் தாங்களாகக் குறிச்சொற்களைப் புனைந்துகொண்டிருக்காமல் இதையே எடுத்தாள்வது நல்லது.

ஆனால் தேடல் எங்கே நின்றுவிடுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் கண்டறியப்பட்ட பிறகு அதைப் பற்றிய ஆய்வுகள் பெருகின. இப்பூச்சியின் அறிவியற்பெயரைக் கொண்டு தேடினால், பெரும் பண்ணைகளில் இயந்திரத் தெளிப்பானை நம்பிச் செய்த பழைய ஆய்வுகளும், முட்டைக் குவியல்களைக் கையால் நசுக்குவதையும் குருத்தில் மண்ணோ சாம்பலோ இடுவதையும் சோதித்த சிறுவிவசாயி நில ஆய்வுகளும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, குறிச்சொற்கள், சுருக்கம் ஆகியவை பதிவில் உள்ளன. பயிர் எத்தனை நாள் வளர்ந்திருந்தபோது சோதனை நடந்தது, மருந்து அடித்த அளவு எவ்வளவு, எத்தனை விழுக்காடு செடிகளில் சேதம் கண்டபோது தெளிப்புத் தொடங்கியது என்பவை சுருக்கத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. படைப்புழுவுக்குப் பொருளாதாரச் சேதநிலை, அதாவது கட்டுப்பாட்டுச் செலவுக்கு ஈடாகும் சேத அளவு, பயிரின் வளர்ச்சிப் பருவத்துக்கேற்ப மாறும் என்பதால், இந்த விடுபடல் அற்பமானது அன்று. ஆண்டு, மொழி போன்றவற்றால் முடிவுகளை வடிகட்டலாம். மண் வகையாலோ மானாவாரியா பாசனமா என்பதாலோ வடிகட்ட முடியாது.

இன்னொரு குறை, அக்ரிஸ் பெரும்பாலும் முழு ஆவணத்தைத் தன்னிடம் வைத்திருப்பதில்லை. மூல நிறுவனத்தின் தளத்துக்கு வழிகாட்டுகிறது. அந்த நிறுவனம் தன் இணையதளத்தைப் புதுப்பித்து முகவரிகளை மாற்றிவிட்டால் வழி அறுந்துவிடும். சந்தா கட்டினால்தான் படிக்க முடியும் என்ற நிலையில் உள்ள இதழ்களுக்கு, 2003இல் தொடங்கப்பட்டு இப்போது ரிசர்ச் ஃபார் லைஃப் கூட்டமைப்பின் அங்கமாக உள்ள அகோரா திட்டம் ஓரளவு ஈடுசெய்கிறது. குறைந்த வருவாய் நாடுகளின் நிறுவனங்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ இதழ்களைத் திறந்துவிடும் இத்திட்டத்தில் நுழைய நிறுவனமாக இருக்க வேண்டும். தனியாக இயங்கும் வேளாண் ஆலோசகருக்கும் படிப்பார்வமுள்ள விவசாயிக்கும் கதவு மூடியே இருக்கிறது.

முழு ஆவணமே வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது சிஜிஸ்பேஸ் களஞ்சியத்தை. பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையங்களின் கூட்டமைப்பான சிஜிஐஏஆர், ஆய்வுகளை எவரும் கட்டணமின்றிப் படிக்க விடும் திறந்த அணுக்கக் கொள்கையை 2013இல் ஏற்றுக்கொண்டது. டிஸ்பேஸ் என்ற களஞ்சிய மென்பொருளில் இயங்கும் இக்களஞ்சியத்தில் அதன் கட்டுரைகளோடு கள அறிக்கைகள், பயிற்சிக் கையேடுகள், சுவரொட்டிகள், விளக்கக்காட்சிகள் வரை சேர்ந்துள்ளன. ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான முகவரி இருக்கிறது. பலவற்றில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் எதுவென்று தெளிவாகக் குறிக்கப்பட்டிருப்பதால், மொழிபெயர்க்கலாமா, படங்களை எடுத்தாளலாமா என்று யாருக்கும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. இதழ்க் கட்டுரையில் நான்கு வரியில் முடிந்துவிடும் களவிவரம், திட்ட அறிக்கையில் பல பக்கங்களுக்கு விரிவது இயல்பு. எந்த ஊரில் மழை தவறியது, எந்த நிலங்களில் சோதனை பாதியில் கைவிடப்பட்டது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். என் அளவுகோலில் இதற்கு உயர்ந்த மதிப்பெண்தான். ஆனால் அந்த அறிக்கைகளின் நடை! திட்டங்களின் சுருக்கப்பெயர்களும் நிதி வழங்குவோருக்கான வாசகங்களும் நெருங்கி நிற்கும் பக்கங்களைக் கடந்துதான் ஒரு மண் பரிசோதனை அட்டவணையை அடைய முடிகிறது.

பன்னாட்டு வேளாண் அறிவியல் அமைப்பான கேபி 2020இல் தன் பொறுப்பில் தொடங்கிய அக்ரிஆர்கைவ் முன்பதிப்புத் தளத்தைப் பற்றி நீட்டி எழுத அதிகமில்லை. இதழில் வெளிவரும் முன்பே ஆய்வு கைக்குக் கிடைக்கிறது. புதிய பூச்சியோ நோயோ பரவும் காலத்தில் அந்த வேகம் உதவும். வல்லுநர் மதிப்பாய்வு முடியாதவை என்பதை மறந்துவிட்டு அதிலிருந்து நேரடியாகப் பரிந்துரை எழுதுபவர்களை நினைத்தால்தான் அச்சமாக இருக்கிறது.

அதே கேபி 2011இல் தொடங்கிய பிளான்ட்வைஸ் திட்டத்தின் அறிவு வங்கி வேறு வகையானது. பயிர் மருத்துவ முகாம்களில் உட்காருபவர் கையில் வைத்துக்கொள்ளத்தக்க பூச்சி மேலாண்மை வழிகாட்டித் தாள்கள் இதில் உள்ளன. முன்தடுப்பு, கண்காணிப்பு, நேரடிக் கட்டுப்பாடு என்று படிப்படியாக நகரும் அத்தாள்களில், பூச்சிக்கொல்லி குறிப்பிடப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே அதன் கட்டுப்பாடுகளுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள் போன்றவை அடிக்குறிப்பில் ஒளிந்துகொள்ளாமல், மருந்தின் பெயரைப் படிக்கும் கண்ணுக்கே தட்டுப்படுகின்றன. தாளின் அமைப்பே எச்சரிக்கையைப் பிரிக்க முடியாதபடி செய்துவிடுகிறது. நாடு வாரியாகத் தாள்கள் தயாரிக்கப்படுவதும் நிலைமையைக் காப்பாற்றும் ஏற்பாடுதான். மருந்துகளின் பதிவும் தடையும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், தேடுபவர் தன் நாட்டுத் தாளைத்தானா திறந்திருக்கிறோம் என்பதையும் அது வெளியான ஆண்டையும் பார்த்துவிட வேண்டும்.

நான் பார்த்தவற்றுள் மனத்துக்கு மிக நெருக்கமானது ஆக்சஸ் அக்ரிகல்ச்சர் காணொளித் தளம். 2012இல் நிறுவப்பட்ட இத்தளத்தின் படங்கள் 100க்கு மேற்பட்ட மொழிகளில் கிடைக்கின்றன. பதிவிறக்கிக்கொண்டு இணையம் இல்லாத இடத்திலும் காட்டலாம். ஆய்வாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உரையாற்றும் வழக்கம் இதில் இல்லை; பயிரிடுபவர்களே வயலில் நின்று, தாங்கள் எதைச் செய்து பார்த்தோம், ஏன் செய்தோம் என்று விளக்குகிறார்கள்.

சுடுமல்லி என்று நாம் அழைக்கும் ஒட்டுண்ணிக் களையின் இனத்தைச் சேர்ந்தவற்றை எதிர்கொள்வது பற்றி வறண்ட வெப்பமண்டலப் பயிர்களை ஆராயும் பன்னாட்டு நிறுவனமான இக்ரிசாட்டின் பங்களிப்புடன் எடுக்கப்பட்ட 10 படங்களின் வரிசை இத்தளத்தில் இருக்கிறது. அதில் ஒரு படம் அந்தக் களையின் உயிரியலை விளக்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது; இன்னொன்று செலவையும் வரவையும் பேசுகிறது. உயிரியலுக்கு ஒரு முழுப் படம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அக்களையின் ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். தூசி போன்ற அவ்விதைகள் மண்ணில் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பயிரின் வேரிலிருந்து கசியும் வேதிப்பொருளை உணர்ந்த பிறகே முளைக்கும். இந்த மூன்றையும் புரிந்துகொண்ட ஒருவருக்கு, பூக்கும் முன் பிடுங்கிவிட வேண்டும், பயறு வகைகளை ஊடுபயிராகவோ சுழற்சியிலோ சேர்க்க வேண்டும், ஓராண்டில் பலன் தெரியாவிட்டால் சோர்ந்துவிடக் கூடாது என்பவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்விக்க வேண்டிய தேவையில்லை. காரணத்தோடு சேர்ந்து வரும் பரிந்துரையை, நிலமும் பயிரும் மாறும்போது பார்ப்பவரே திருத்தி அமைத்துக்கொள்ள முடிகிறது. என் கேள்விக்கு இத்தளம் அளிக்கும் விடை இதுதான்: வயலின் முழு விவரத்தையும் சொல்லவில்லை, ஆனால் வேறொரு வயலுக்கு மாற்றிக்கொள்ளும் திறவுகோலைக் கொடுத்துவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. எந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்து இந்தப் படம் பிறந்தது என்று பின்னோக்கித் தேடிப்போக விரும்பும் விரிவாக்கப் பணியாளருக்குப் படத்துக்குள் நேரடியான வழி கிடைப்பதில்லை.

செயலிகளுக்கு வருவோம். நோயுற்ற இலையைப் படமெடுத்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலிகள் இன்று பல. இவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் அனைவரும் படிக்க வேண்டிய ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. பென் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹியூஸும் அவருடைய கூட்டாளிகளும் பிளான்ட்வில்லேஜ் திட்டத்தில் திரட்டிய 54,306 இலைப் படங்களை, 14 பயிர்களும் 26 நோய்களும் அடங்கியவற்றை, கணினிக்குக் கற்பித்தபோது, ஒதுக்கி வைத்திருந்த சோதனைப் படங்களில் அது 99.35 விழுக்காடு சரியாகக் கண்டறிந்தது. வேறு சூழலில் எடுக்கப்பட்டு இணையத்திலிருந்து பெறப்பட்ட படங்களைக் கொடுத்தபோதோ, துல்லியம் 31 விழுக்காட்டளவுக்கு இறங்கிவிட்டது. பயிற்சிப் படங்களில் ஒற்றை இலை, ஒரே மாதிரியான பின்புலத்தில் இருந்தது. வயலிலோ வெயிலும் நிழலும் மண்ணும் பக்கத்துச் செடியும் குறுக்கே வரும். ஆசிரியர்களே இந்த வீழ்ச்சியை மறைக்காமல் கட்டுரையில் எழுதியிருப்பது பாராட்டத்தக்கது. பின்னர் வந்தவர்களின் விளம்பரங்கள் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டன. நிலைமையைக் கழற்றிவிட்டு முடிவை மட்டும் பகிர்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே திட்டத்தில் பிறகு உருவான நூரு செயலி, மரவள்ளி போன்ற பயிர்களின் படங்களை வயலிலேயே எடுத்துப் பயிற்றப்பட்டது. இணைய இணைப்பு இல்லாமலும் கைப்பேசியில் இயங்குகிறது. எனவே எந்தச் செயலியானாலும் அதன் துல்லியத்தைக் கேட்பதற்கு முன், படங்கள் எங்கே எடுக்கப்பட்டவை என்று கேளுங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களை ஒரு கருவியாகக் கருத வேண்டுமா என்று தயங்கினேன். ஆனால் நடைமுறையில் அதிகம் பகிரப்படுவது அங்கேதான். வேகத்தில் அதற்கு இணையில்லை. ஒரு துண்டறிக்கை இரண்டு மூன்று கை மாறியதும் வெளியிட்டவர் பெயரும் ஆண்டும் இருந்த மேற்பகுதி வெட்டப்பட்டு, அளவு எழுதிய பகுதி மட்டும் மிஞ்சுகிறது. 'லிட்டருக்கு 2 மில்லி' என்பது எந்த மருந்தின் எந்தச் செறிவுக்கு என்று கேட்டால் குழுவில் விடை சொல்ல ஆள் இருக்காது. துண்டறிக்கை தயாரிப்பவர்கள் இதை முன்கூட்டியே எதிர்பார்த்து, பயிர், பருவம், மருந்தின் செறிவு, வெளியிட்ட மாதம், ஆண்டு ஆகியவற்றை அளவு எழுதும் அதே வரியில் சேர்த்துவிட்டால், எப்படி வெட்டினாலும் அவை தப்பிப் பிழைக்கும்.

ஆய்வாளர்கள் தங்கள் தரவை வைக்க இடம் தேடினால், ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன் 2013இல் தொடங்கிய ஜெனோடோ போதுமானது. வேளாண்மைக்கென்று அமைந்தது அன்று. ஆனாலும் ஒரு பதிவில் 50 ஜிபி வரை இலவசமாக ஏற்றலாம், நிரந்தர அடையாள எண் கிடைக்கும், திருத்திய பதிப்பை ஏற்றினால் பழையதும் புதியதும் தனித்தனி எண்ணோடு நிலைத்திருக்கும். விளக்கம் எழுதும் பெட்டியில் எதை எழுத வேண்டும் என்று தளம் வற்புறுத்துவதில்லை என்பதால், ஒரே வாக்கியத்தோடு விடப்பட்ட தரவுத்தொகுப்புகளைக் காண நேர்கிறது. மண்ணின் கார அமிலநிலை, கரிமப்பொருள் அளவு, முந்தைய பயிர், விதைத்த நாள், பருவத்து மழை, பாசன முறை, இரகத்தின் பெயர் ஆகியவற்றை எழுத அரைமணி நேரம்கூட ஆகாது. அட்டவணையின் தலைப்பு வரிகளில் அலகுகளையும் சேர்த்துவிடுங்கள். ஹெக்டேருக்கா ஏக்கருக்கா என்று குறிக்கப்படாத விளைச்சல் எண், எவ்வளவு உழைத்துத் திரட்டப்பட்டதாயினும், அடுத்தவர் ஒருவரின் கணக்கில் சேராது.