புதுச்சேரி மரபு நடை: பெரிய வாய்க்காலைத் தாண்டுகிறதா என்று முதலில் கேளுங்கள்

புதுச்சேரியில் வழிகாட்டியோடு நடந்து பழைய ஊரைப் பார்க்க இன்று பல ஏற்பாடுகள் இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும்: கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சுப் பகுதியையும் மேற்கே உள்ள தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலை நடை தாண்டிப் போகிறதா? பல நடைகள் துய்மா வீதி, ரொமேன் ரோலன் வீதி, மஞ்சள் சுவர், காகிதப்பூ, நீலப் பெயர்ப்பலகை என்று கடற்கரைப் பக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. படம் எடுக்க அது போதும். ஊரைப் புரிந்துகொள்ளப் போதாது.

பிரெஞ்சுப் பகுதிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 1836இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை, 1855இல் கட்டி முடிந்த கப்ஸ் கோயில் என்னும் தேவாலயம் இவை மூன்றும் அடுத்தடுத்து வந்துவிடும். இங்கே நல்ல வழிகாட்டி சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1761இல் ஆங்கிலேயர் இந்த நகரத்தைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் பிரெஞ்சு வீடுகள் ஏறக்குறைய எல்லாமே அதற்குப் பின் எழுந்தவை. இதைச் சொல்லாமல் “முந்நூறு வருஷத்து வீடு” என்று கைகாட்டுகிறவரை நம்ப வேண்டாம்.

வாய்க்காலைத் தாண்டியதும் மிஷன் வீதியில் சம்பா கோயில் என்னும் தேவாலயம். இப்போதுள்ள கட்டடம் 1791இல் முடிந்தது. இதை ஒட்டிதான் பழைய வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடக்கும்போது, பிரெஞ்சுக்காரர்கள் அதை இடித்தார்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரும் தரகருமான) ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வழிகாட்டியை எடைபோட இதைவிட நல்ல இடம் இல்லை. தயங்காமல், யார் மேலும் கசப்பு ஏற்றாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிறாரா என்று பாருங்கள். கோபுர உயரத்தை மட்டும் சொல்லி நகர்ந்தால் நடையின் தரம் அவ்வளவுதான்.

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடே நிற்கிறது. 1761இன் அழிவுக்குத் தப்பிய மிகச் சில வீடுகளில் ஒன்று. கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்கள், மேல்தளத்தில் சுண்ணாம்பு பூசிய வெள்ளைத் தூண்கள். உள்ளே போக முன்கூட்டியே அனுமதி பேசியிருக்க வேண்டும். பேசாமல் வாசலில் நிறுத்திக் கதை சொல்லிவிட்டுப் போகும் நடைகளே அதிகம். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

நேரத்தைச் செலவிட வேண்டிய தெரு வைசியாள் வீதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் வீட்டு முகப்புகள் சீரமைக்கப்பட்டு, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது பெற்ற தெரு இது. தமிழ் வீட்டின் முன், தெருவை ஒட்டி மரக்கால் நட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம், போகிறவர் வருகிறவர் வெயிலுக்கு ஒதுங்க. அதற்கு மேல் ஒரு படி ஏறினால் திண்ணை, வீட்டுக்காரரும் வந்தவரும் உட்கார. பிறகுதான் நிலைக்கதவு, உள்ளே முற்றம். பிரெஞ்சு வீடோ உயர்ந்த மதில் எழுப்பித் தெருவுக்கு முதுகு காட்டும். இரண்டும் கலந்த வீடுகளை இங்கே பார்க்கலாம்: கீழே திண்ணையும் மரத்தூணும், மாடியில் வளைவு ஜன்னலும் சட்டப்பலகைக் கதவும் சுதைக் கைப்பிடிச் சுவரும். தலையைத் தூக்கி மாடியைப் பார்க்கச் சொல்லாத வழிகாட்டியிடம் இந்தத் தெரு வீணாகிவிடும்.

சுவரின் அடிப்பகுதியையும் பாருங்கள். சில வீடுகளில் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். பழைய செங்கல் சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் வெளியேறிவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரமும் கடற்கரை உப்பும் உள்ளேயே தங்கி, பூச்சைத் தள்ளிவிடும். தெருவின் இழப்பு எங்கே தொடங்குகிறது என்று இந்த ஓரடி உயரத்திலேயே காட்டிவிடலாம். கட்டடப் பாதுகாப்பில் வேலை செய்தவர்கள் நடத்தும் நடையில்தான் இதெல்லாம் கிடைக்கும். அந்த வகையில் மரபுக் கட்டடப் பாதுகாப்பில் ஈடுபடும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை ஏற்பாடு செய்யும் நடைகளை முதலில் விசாரிக்கலாம். தமிழில் வேண்டுமென்றால் அதையும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பலர் ஆங்கிலத்திலேயே தயாராக வருகிறார்கள்.

காலை ஆறரைக்குத் தொடங்குவது நல்லது. கடற்கரைச் சாலையில் ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம். ஒன்பதுக்கு மேல் நேர்கோட்டுத் தெருக்களில் நிழல் கிடையாது. தாழ்வாரங்கள் பெரும்பாலும் போய்விட்டதால் தமிழ்ப் பகுதியிலும் இதே கதைதான். குழுவில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தால் பின்னால் நிற்பவருக்கு மார்க்கெட் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. கழற்றி மாட்ட எளிதான செருப்பு போடுங்கள். ஞாயிறு காலையில் தேவாலயங்களில் பூசை நடப்பதால் உள்ளே சுற்றிப் பார்க்க முடியாது.

இரண்டரை மணி நேர நடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாய்க்காலுக்கு மேற்கே என்றால் கேட்ட கட்டணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். கடற்கரைப் பக்கம் மட்டும் என்றால் வழிகாட்டி தேவையில்லை. ஒரு வரைபடத்தோடு நீங்களே நடந்துவிடலாம். பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லம். காலை நடை முடியும்போது பெரும்பாலும் அது திறந்திருக்காது. டிபன் முடித்துவிட்டுத் தனியாகப் போய்ப் பாருங்கள்.